அகராதியில் கிடைக்காத விடைகள்

(பொங்கல் விடுமுறையில் தேனி மாவட்டம் குரங்கணியில் கூடியிருந்தவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொங்கல் முடிந்தால் நம் பக்கத்துக்காரர்கள் அடுத்துக் கூடுவது மாசி சிவராத்திரிக்கு. தீபாவளிக்கு லீவு கிடைக்காதவன்கூடக் குலசாமி கும்பிட வந்துவிடுவான். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவனும், சென்னையில் கம்ப்யூட்டர் தட்டுபவனும், போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற அக்காவும் ஒரே பந்தலில் உட்காருவார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் நலம் விசாரிப்போம். அப்புறம் பேச்சு தீர்ந்துவிடும். பிள்ளைகள் ஒரு மூலையில், பெரியவர்கள் ஒரு மூலையில். செல்போனைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. பேச ஆசை இருக்கிறது, தொடங்க ஒரு சாக்குத்தான் இல்லை. அந்தச் சாக்கைச் செய்வது எப்படி என்று சொல்லத்தான் வந்தேன். நம் வகையறாவுக்கென்று, நம் வீட்டுக்கென்று, நாமே உட்கார்ந்து தயாரிக்கிற சொற்புதிர். கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் உதவாது.

பண்டிகைக்கும் சொற்புதிருக்கும் உறவு பழையது. குறுக்கெழுத்துப் புதிர் பிறந்ததே ஒரு பண்டிகை மலரில்தான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு என்ற நாளிதழின் கிறிஸ்துமஸ் நேரத்து ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் வரைந்து போட்டார். அவர் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போனவர். குடும்பத்தோடு வீட்டில் இருக்கிற நாளில் ஆளுக்கொரு பென்சில் எடுத்துக்கொண்டு மண்டையைக் குடைய ஏற்ற ஆட்டம். இன்று உலகம் முழுக்க ஓடுகிறது.

ஆனால் நாம் அவரிடம் கடன் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று வரிசை வைக்கிறபோது பிசி என்பதையும் ஒரு வகையாக வைக்கிறது. பிசி என்றால் விடுகதை. தென்மாவட்டங்களில் அழிப்பாங்கதை என்றும் சொல்வோம். இலக்கணம் எழுதியவர் விடுகதைக்கு நூலில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்த தண்டியலங்காரமும் மற்ற அணி நூல்களும் சித்திரகவி என்று ஒரு கூட்டத்தையே அடுக்குகின்றன. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது மாலைமாற்று. சம்பந்தர் சீர்காழிக்கு ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். எட்டுக்கு எட்டு என்று அறுபத்து நான்கு கட்டத்தில் எழுத்தை நிரப்பி எந்தப் பக்கம் படித்தாலும் பாட்டு நிற்கும்படி செய்வது சருப்பதோபத்திரம். ஒரு சொல்லில் ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றிப் புதுப்புதுப் பொருள் காட்டுவது அக்கரச்சுதகம். பல கேள்விகளுக்கு வரும் சின்னச் சின்ன விடைகளைச் சேர்த்தால் கடைசிக் கேள்விக்கு ஒரு பெரிய விடை கிடைப்பது வினாவுத்தரம்.

புலவர்கள் இதை அரசவையில் மிடுக்குக் காட்டப் பயன்படுத்தினார்கள். கவிதை என்று பார்த்தால் பெரும்பாலும் வறட்சிதான். என் கருத்தை மறைக்கவில்லை. ஆனால் விளையாட்டு என்று பார்த்தால் இதைவிடக் கூர்மையான கருவிப்பெட்டி எந்த மொழியில் இருக்கிறது? பாட்டை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நமக்குப் பக்கத்தில் பழனியில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறு வயதிலேயே அம்மை கண்டு பார்வை இழந்தவர். சித்திரகவியில் பேர் வாங்கினார். கட்டத்தையே பார்க்காதவர் கட்டக்கவி பாடினார். ஆகவே, கண் மங்கிய அப்பத்தாவை எப்படி ஆட்டத்தில் சேர்ப்பது என்று யாரும் கேட்க வேண்டாம். குறிப்பை வாசித்துக் காட்டினால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் புதிருக்கு நான் வைக்கிற சட்டம் ஒன்றுதான்: விடை அகராதியில் இருக்கக் கூடாது, கூகுளில் இருக்கக் கூடாது, வீட்டு ஆளிடம் இருக்க வேண்டும். “இந்தியாவின் தலைநகர்” என்று கேட்டால் பத்து வயசுப் பிள்ளை தனியாக எழுதிவிட்டுப் போய்விடும். “தாத்தா முதல் சம்பளத்தில் வாங்கிய பொருள், மூன்று எழுத்து” என்று கேட்டால் அது எழுந்து தாத்தாவிடம் போயாக வேண்டும். தாத்தா விடையை மட்டும் சொல்லி நிறுத்துவாரா? கடையைச் சொல்வார், விலையைச் சொல்வார், அன்றைக்கு யாரோடு போனார் என்பதைச் சொல்வார். கட்டத்தில் நிரம்புவது மூன்று எழுத்து. பேச்சு அரை மணி நேரம்.

எல்லாக் கேள்வியும் பெரியவர்களை நோக்கியே போகக் கூடாது. அப்படிச் செய்தால் அது பாடமாகிவிடும். பாதிக் கேள்வி பிள்ளைகளிடம் இருக்கட்டும். பேத்தியின் பூனைக்குட்டிக்கு என்ன பெயர், பேரன் எந்த ஆட்டக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான் என்பதைத் தாத்தாவும் விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முதல் வேலை சொல் சேகரிப்பது. குரங்கணி என்றதும் வெளியூர்க்காரருக்கு 2018 மார்ச் 11 காட்டுத்தீதான் ஞாபகம் வருகிறது. அந்தத் துயரம் மறக்கக் கூடியதல்ல. ஆனால் இந்த ஊருக்கு அதற்கு முன்னும் பின்னும் சொற்கள் இருக்கின்றன. மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். தண்டவாளமே இல்லாத மலையில் ஸ்டேஷன் எப்படி வந்தது? மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் குண்டளப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்தன. 1902-இல் ஒற்றைத் தண்டவாளம், 1908-இல் குறுகிய பாதை ரயில். அங்கிருந்து கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, பிறகு வண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் மலையில் நிற்கிறது. “ரயில் போச்சு, பேர் நிக்குது, எந்த இடம்?” நம்மூர்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல குறிப்பு எது? போடி ரயிலையும் விடாதீர்கள். 1928-இல் வந்தது. 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. நடுவில் பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரில் முன்பும் ரயில் கூவியது தெரியாது. அவர்கள் அப்பாக்களுக்குத் தெரியும்.

தோட்டத்துச் சொற்களை எடுங்கள். கவாத்து, தட்டை, சரம், பச்சைக்காய், கங்காணி, இலவம்பஞ்சு, ஜீப்பு. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை நாம் ஸ்டோர் என்கிறோம். “அஞ்சு கிலோ உள்ளே போகும், ஒரு கிலோ வெளியே வரும்” என்று குறிப்பு எழுதினால், பச்சைக்காய் காய்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிற கணக்குத் தெரிந்தவர் சிரிப்பார். தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அதுதானே நமக்கு வேண்டும்.

அடுத்து ஆட்களின் பெயர். இங்கே நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குலசாமி பெயரைத்தானே எல்லாருக்கும் வைக்கிறோம்? ஒரே வகையறாவில் பாண்டி எத்தனை, கருப்பசாமி எத்தனை, பேச்சியம்மாள் எத்தனை! “பெரியப்பா மகன்” என்று குறிப்புக் கொடுத்தால் நாலு பேர் கை தூக்குவார்கள். ஆகவே பெயரை விடையாக வைத்தால், அந்த ஆளின் தொழிலோ பழக்கமோ குறிப்பில் இருந்தாக வேண்டும்.

அதைவிடச் சுவையான சிக்கல் உறவுமுறை. ஒரு பிள்ளைக்கு அப்பத்தாவாக இருப்பவர் இன்னொரு பிள்ளைக்கு அம்மாச்சி. யார் வாயால் கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் புதிர் உடைந்துவிடும், சண்டையும் வரும். குறிப்பின் தலைப்பிலேயே “பேரன் கேட்கிறான்” என்று போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்கலையே புதிராக்குங்கள்: எனக்கு மதினி, என் பெண்டாட்டிக்கு அக்கா, என் மகனுக்குப் பெரியம்மா, என் அம்மாவுக்கு மருமகள், ஆள் யார்? நம் மொழியில் உறவுப் பெயர்கள் இவ்வளவு நுணுக்கமாக இருப்பதால்தான் இப்படிக் கேட்க முடிகிறது. பாதி உறவுகளை அங்கிள், ஆன்ட்டி என்று சுருக்கிவிட்ட பிள்ளைகளுக்கு இந்த ஒரு குறிப்பு ஒரு வகுப்புக்குச் சமம்.

கட்டம் அமைப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் பயப்படுகிறார்கள். தமிழில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம். குரங்கணியை ஒரு வரிசையில் இடமிருந்து வலமாக எழுதுங்கள்: கு, ர, ங், க, ணி. ஐந்து கட்டம். கொட்டகுடியும் ஐந்து கட்டம்: கொ, ட், ட, கு, டி. அதில் நான்காவது எழுத்து கு. ஆகவே கொட்டகுடியை மேலிருந்து கீழாக இறக்கினால் அதன் கு குரங்கணியின் முதல் எழுத்தாகிவிடும். உச்சியில் இருக்கிற கொ-வைப் பிடித்து வலப்பக்கம் கொழுக்குமலையை நீட்டலாம். அடியில் இருக்கிற டி-க்கு இடப்பக்கம் ஒரு கட்டம் சேர்த்துப் போ என்று எழுதினால் போடி. இப்போது பாருங்கள்: மேலே கொழுக்குமலை, நடுவில் குரங்கணி, அடியில் போடி, மூன்றையும் கோத்துக்கொண்டு இறங்குகிறது கொட்டகுடி ஆறு. நான் ஒன்றும் செய்யவில்லை. ஊர்ப் பெயர்களே அப்படி அமைந்திருக்கின்றன.

மெய்யெழுத்துதான் முரண்டு பிடிக்கும். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது என்பதால், புள்ளி வைத்த எழுத்து விழுந்த கட்டத்திலிருந்து புதுச் சொல்லைத் தொடங்க முடியாது. நடுவிலோ கடைசியிலோ அதே மெய் இருக்கிற சொல்லைத்தான் அங்கே குறுக்கே விட வேண்டும். கொழுக்குமலையை வேறோர் இடத்தில் தனியாக எழுதினால் அதன் க் கட்டத்தில் ஏலக்காயை இறக்கலாம். மேலே சொன்ன அமைப்பில் அது கீழே குரங்கணியில் முட்டிவிடும். ஆட்களின் பெயர்கள் பலவும் ன், ள், ம் என்று முடிவதால் இரண்டு பேரைக் கடைசி எழுத்தில் முட்டவிடுவது சுலபம். ஸ்டோர் மாதிரி வந்து சேர்ந்த சொற்கள் இலக்கணத்துக்கு அடங்காமல் மெய்யிலேயே தொடங்கும். அவற்றை ஓரத்தில் வைத்து வேறு எழுத்தில் கோத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் ரப்பரும் போதும். இருபது சொல் தாண்ட வேண்டாம்.

கம்ப்யூட்டரில் செய்யலாமே என்று தம்பிகள் கேட்பீர்கள். செய்யலாம், பார்த்துச் செய்யுங்கள். ஆங்கிலத்துக்கென்று எழுதிய பல கருவிகள் தமிழ் எழுத்தைப் பிய்த்துவிடும். யூனிகோடில் கு என்பது ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு. நமக்கு ஐந்து எழுத்தாக இருக்கிற குரங்கணி அதற்கு எட்டு. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டு சிரிக்கும். எழுத்தை எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கிற ஓப்பன் தமிழ் போன்ற நிரல் தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர் பயன்படுத்தலாம். எழுத்துக் குவியலில் சொல்லைத் தேடுகிற ஆட்டம் செய்தால் இன்னொரு எச்சரிக்கை: காலிக் கட்டங்களை 247 எழுத்திலிருந்தும் கண்டபடி நிரப்பினால் ஙௌ, ஞூ என்று யாருமே எழுதாத எழுத்துகள் வந்து குட்டை உடைத்துவிடும். உங்கள் சொற்பட்டியலில் உள்ள எழுத்துகளைக் கொண்டே நிரப்புங்கள், அப்போதுதான் கண் ஏமாறும்.

கட்டத்தைக் கருவி போடட்டும். குறிப்பை மட்டும் அதனிடம் விடாதீர்கள். உங்கள் அம்மாச்சி கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார் என்பது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

குறிப்பு எழுதுவதில்தான் புலவர்களின் பெட்டியைத் திறக்க வேண்டும். வினாவுத்தரத்துக்கு நம் ஊரே உதாரணம்: மரம் தாவும் ஒன்று, கழுத்தில் மின்னும் ஒன்று, சேர்த்தால் நாம் உட்கார்ந்திருக்கிற இடம். குரங்கு, அணி, குரங்கணி. ஊருக்குப் பெயர் வந்த கதை இது என்று யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். இது வெறும் விளையாட்டு. அக்கரச்சுதகத்துக்கு: தோட்டத்தில் வெட்டுவார்கள், தலை போனால் குளத்தில் நீந்தும். கவாத்து, வாத்து. நெடிலைக் குறிலாக்குவதற்கு மாத்திரைச்சுருக்கம் என்று பெயர்: பாட்டியின் காலை எடுத்தால் ஊராகிவிடுவாள். பாட்டி, பட்டி. தேனி மாவட்டத்தில் பட்டிக்கா பஞ்சம்! மூட்டுவலி உள்ள பாட்டி பக்கத்தில் இருந்தால் இந்தக் குறிப்பைத் தவிர்க்கவும். மாலைமாற்றுக்குத் தாத்தாவே போதும். எந்தப் பக்கம் திருப்பினாலும் தாத்தாதான். சிலேடைக்கு நம்மிடம் ஏலம் இருக்கிறது: ஒரு ஏலம் மணக்கும், இன்னொரு ஏலம் விலை கூறும், இரண்டும் சந்திக்கும் ஊர் எது? நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் உள்ள போடி. இந்த வகைக் குறிப்புகளில் சுவை கண்டவர்கள் அமெரிக்காவிலிருந்து வருகிற தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர்களைத் தேடிப் பாருங்கள். தமிழில் மறைகுறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. புதிரில் பணம் புகுந்தால் என்ன ஆகும் என்று நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. பத்திரிகைகள் பெரிய தொகை வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி, அது சூதாட்டம் மாதிரி ஆகி, 1955-இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டம் போட்டது. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு வைக்கிற போட்டிக்கு அந்தச் சட்டத்தில் தடை. குறுக்கெழுத்தின் பெயரும் அதில் இருக்கிறது. வீட்டில் பணம் வேண்டவே வேண்டாம். பந்தியில் முதல் இலை, அவ்வளவுதான்.

எதைக் கேட்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பு. பட்டப்பெயர்களில் பாதி அன்பால் வந்தவை, பாதி குத்துவதற்காக வந்தவை. உடம்பையோ நிறத்தையோ சொல்கிற பட்டப்பெயரைக் கட்டத்தில் ஏற்றாதீர்கள். அவரே சிரித்தாலும் வேண்டாம். குழந்தை இல்லாதவர், வரன் தள்ளிப்போகிறவர், பங்காளித் தகராறு, விற்றுப்போன தோட்டம், இவற்றின் பக்கம் எந்தக் குறிப்பும் போகக் கூடாது. இறந்தவர்களைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்கலாம், அவரை இழந்து நாலைந்து வருஷமாவது ஆகியிருந்தால், அதுவும் அவர் செய்த வேடிக்கையைக் கேட்கிற குறிப்பாக இருந்தால். புதிரை வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் பரப்பாதீர்கள். படித்த முதல் பள்ளி, செல்லப் பிராணியின் பெயர் போன்றவற்றை வங்கிக் கணக்குக்கு ரகசியக் கேள்வியாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

நடத்துவது சுலபம். தாளைத் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். மூன்று பேருக்கு ஒரு தாள். அதில் ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளையாகவும் ஒருவர் அறுபதைத் தாண்டியவராகவும் இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாகப் போட்டு ஜெராக்ஸ் எடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்தான் அந்த மூவரில் அதிக விடை சொல்வார்; நான் பார்த்த வரையில் அப்படித்தான். விடைத்தாளை முன்கூட்டியே யாருக்கும் காட்ட வேண்டாம். விடையில் சண்டை வந்தால் அதைத் தீர்க்கும் உரிமை வீட்டின் மூத்த பெண்ணுக்கு.

சிவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர், அங்கே புழங்கிய சொற்கள், உடன் இருந்தவர்களின் பெயர்கள், எல்லாவற்றையும் அவர் சொல்கிறபடியே, நீங்கள் திருத்தாமல், ஒரு கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்புகளைத் திருப்பூரில் உட்கார்ந்துகூட யோசிக்கலாம். சொற்களை இங்கேதான் வாங்க வேண்டும்.